படம் ஒருத்தி, பாட்டு ஒருத்தி

பதினோராம் வகுப்பு மாணவியர் எழுதியது

இவ்வாண்டு இலக்கிய மன்றத்தின் சார்பில் எங்கள் வகுப்பு என்ன செய்யப் போகிறது என்று தலைமைச் சகோதரி கேட்டபோது, நாங்கள் வழக்கம் போலப் பட்டிமன்றம் என்றோம். எங்கள் தமிழம்மா சிரித்துவிட்டு, "பேசிப் பேசிப் பள்ளிக்கூடமே களைத்துவிட்டது. இந்த ஆண்டு கொஞ்சம் பாருங்கள்" என்றார்.

அவர் சொன்ன திட்டம் இதுதான். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். ஒருத்தி ஒரு புகைப்படம் எடுக்க வேண்டும். வேறொருத்தி அந்தப் படத்துக்குக் கவிதை எழுத வேண்டும், எட்டு வரிக்கு மேல் போகக் கூடாது. படம் எடுத்தவள் எழுதுபவளிடம் எதையும் விளக்கக் கூடாது. யாருக்கு யார் படம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். முடிவில் இருபத்தொரு படமும் இருபத்தொரு பாட்டும் ஆண்டு விழாவன்று தாழ்வாரத்தில் காட்சிக்கு வைக்கப்படும்.

பள்ளிக்குள் செல்போனுக்கு இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே, இரண்டு சனிக்கிழமைகள் அவரவர் அம்மாவின் அல்லது அண்ணனின் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

முதல் சனிக்கிழமை எடுத்த படங்களைப் பற்றிச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒன்பது பேர் காசிமேட்டுக்குப் போய்ச் சூரிய உதயத்தை எடுத்து வந்திருந்தோம். நான்கு பேர் ரோஜாப்பூ. மூன்று பேர் பூனைக்குட்டி. தமிழம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். "காலண்டருக்கு நன்றாக இருக்கும். ஆனால் கொருக்குப்பேட்டை எங்கே?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொருக்குப்பேட்டையில் படம் எடுக்க என்ன இருக்கிறது? ரயில்வே கேட்டு, கூட்ஸ் வண்டி, கால்வாய், தண்ணீர்க் குடங்கள், தூரத்தில் தண்டையார்பேட்டையின் எண்ணெய்த் தொட்டிகள். தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகும் இடங்களைப் போய் யாராவது படம் பிடிப்பார்களா?

அன்று அவர் எங்களுக்கு ஒரு கதை சொன்னார். மதுரையைச் சேர்ந்த பழனி குமார் என்னும் புகைப்படக் கலைஞரின் அம்மா மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். கடன் வாங்கிக் காமிரா வாங்கிய மகன், அந்த அம்மாவையும் அவரைப் போல உழைக்கும் பெண்களையும் படம் எடுத்தார். 2022-ஆம் ஆண்டில், தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அது அவருக்குத்தான் கிடைத்தது. நம் வட சென்னைப் பிள்ளைகளுக்கும் அவர் படமெடுக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார். "அவர் ரோஜாப்பூவைத் தேடிப் போகவில்லை" என்று மட்டும் சொல்லி முடித்தார் தமிழம்மா.

இரண்டாவது சனிக்கிழமை எங்கள் கண்கள் கொஞ்சம் திறந்திருந்தன என்றே சொல்ல வேண்டும். கேட்டு மூடியிருக்கும்போது அதனடியில் சைக்கிளைச் சாய்த்துக் கொண்டு புகும் பையன், தண்ணீர் லாரிக்கு முன் வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள், கால்வாய் மதகில் உட்கார்ந்திருக்கும் ஒற்றைக் கொக்கு, தறி மாதிரிப் பின்னிக் கிடக்கும் தண்டவாளங்கள் எல்லாம் படங்களாக வந்தன. தண்டையார்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் அவற்றை அச்சிட்டு, சீட்டுக் குலுக்கினோம்.

பாட்டு எழுத உட்கார்ந்தபோதுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. குடத்தின் படம் கிடைத்தவள் "குடமே, குடமே" என்று எழுதினாள். கொக்கின் படம் கிடைத்தவள் "வெண்ணிறக் கொக்கு ஒன்று மதகில் நிற்கிறது" என்று எழுதினாள். "கொக்கு நிற்பதுதான் படத்திலேயே தெரிகிறதே! படம் சொன்னதைப் பாட்டு திரும்பச் சொன்னால் இரண்டில் ஒன்று வேலையற்றதாகிவிடும். படத்தில் இல்லாததைச் சொல்லுங்கள், ஆனால் படத்துக்குப் பொருந்தச் சொல்லுங்கள்" என்றார் தமிழம்மா.

இந்தக் கலை புதியதன்று என்பதையும் அறிந்துகொண்டோம். ஜப்பானில் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பூசோன் ஓவியரும் கவிஞருமாக இருந்தார். தம் படத்தின் ஓரத்திலேயே மூன்று வரிக் கவிதையை எழுதி வைத்தார். அந்த மூன்று வரிக் கவிதையை 1916-இல் சுதேசமித்திரனில் எழுதித் தமிழருக்கு அறிமுகம் செய்தவர் மகாகவி பாரதியார். நம் புலவர்களோ பாட்டின் எழுத்துகளையே தேராகவும் தாமரையாகவும் பாம்பாகவும் அடுக்கிச் சித்திரகவி பாடினார்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரின் வரலாறு. 1815-இல் கல்கத்தாவில் பிறந்த அவருக்கு, மகளும் மருமகனும் காமிரா ஒன்றைப் பரிசளித்தபோது வயது நாற்பத்தெட்டு. அதற்குப் பிறகுதான் அவர் புகைப்படக் கலையில் இறங்கினார். கவிஞர் டென்னிசன் கேட்டுக்கொண்டபடி அவருடைய ஆர்தர் மன்னன் காவியத்துக்குப் படங்கள் எடுத்தார். ஆனால் அந்தப் படங்கள் கவிஞரின் நூலில் மரச்செதுக்குகளாக மாற்றப்பட்டு மிகச் சிறிதாக வெளிவந்தன. அம்மையார் முகம் வாடி உட்கார்ந்துவிடவில்லை. தம் படங்களை முழு அளவில் வைத்துத் தாமே நூலாக வெளியிட்டார். 1879-இல் இலங்கையில் மறைந்த அவரது கல்லறை, மலையகத்தில் பொகவந்தலாவை தேவாலயத் தோட்டத்தில் இருக்கிறது. படம் பாட்டுக்கு வேலைக்காரி அல்லள், பாட்டும் படத்துக்கு அடிமை அன்று என்பதை நாங்கள் அவரிடம் கற்றோம்.

இப்படி எல்லாம் கற்ற பிறகும் நாங்கள் ஒரு பெரிய தவறு செய்தோம். அதை எழுதத்தான் இந்தக் கட்டுரையே. இதில் யார் பெயரையும் எழுதுவதில்லை என்று ஒருமனதாக முடிவு செய்திருக்கிறோம். பாராட்டுக்குரியவளின் பெயர் விடுபடுவது வருத்தமே. ஆனால் சிரித்தவர்களின் பெயரும் விடுபடுகிறதே!

சீட்டுக் குலுக்கிய அன்று, எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் தோழி ஒருத்தி எழுந்து, தன் சீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். மேசைமேல் இருந்த ஒரு படத்தைக் காட்டி, அதற்கு எழுதுவதாகச் சொன்னாள். கேட்டின் ஓரத்தில் குந்தியிருக்கும் ஒரு கிழவியின் படம் அது. பின்னால் கூட்ஸ் வண்டி ஓடுகிறது. கிழவியின் கண்கள் மூடியிருக்கின்றன. மடியருகே ஒரு வெற்று அன்னக்கூடை. எங்கள் வகுப்பிலேயே மிகச் சிறந்த படம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தோம். எடுத்தவள் அதற்கு "ஏழ்மை" என்று தலைப்பும் கொடுத்திருந்தாள்.

கவிதைகளை வாசிக்கும் நாள் வந்தது. எங்களில் பலர் "வான்மதியே", "வஞ்சியே" என்றெல்லாம் வாசித்துக் கைதட்டல் பெற்றோம். கடைசியாக அவள் வந்து வாசித்தாள்:

ஆயா தூங்கலை.
கண்ணை மூடிக்கினு
கூட்ஸ் பொட்டிய எண்ணுது.
அம்பத்தெட்டு போனா கேட்டு தொறக்கும்.
கூடை காலி.
இன்னிக்கு எல்லாம் வித்துப் போச்சு.

"மூடிக்கினு" என்றதும் முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு பின்வரிசை வரை ஓடியது. "இது கவிதையா, கேட்டாண்டைப் பேச்சா?" என்றாள் இன்னொருத்தி. அவள் தாளை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

தமிழம்மா கோபிக்கவில்லை. "கூடை காலியாக இருக்கிறது. நீங்கள் அதைப் பார்த்து என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டார்.

"ஒன்றும் இல்லாத ஏழை என்று நினைத்தோம், அம்மா."

"அவள் என்ன சொல்கிறாள்?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. காலிக் கூடை என்றால் கொண்டுவந்த மீன் அத்தனையும் விற்றுவிட்டது என்று பொருள். அன்று ஆயாவுக்கு நல்ல நாள்! படம் எடுத்தவளும், பார்த்த நாற்பது பேரும், தலைப்புக் கொடுத்தவளும் காணாத ஒன்றை ஆறே வரியில் ஒருத்தி கண்டிருந்தாள்.

"உனக்கு எப்படியம்மா தெரிந்தது?" என்று தமிழம்மா கேட்டார்.

"அது எங்க ஆயா, மிஸ்" என்றாள் அவள்.

அன்று மதியம் எங்களில் பலருக்குச் சோறு இறங்கவில்லை. படம் எடுத்தவள்தான் அதிகம் அழுதாள். "படம் எடுக்கும்போது அந்தப் பாட்டியைக் கேட்டாயா?" என்று தமிழம்மா கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி அப்போதுதான் தமிழம்மா சொன்னார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் அது. நம் பேட்டையின் ஓரமாக ஓடும் பக்கிங்காம் கால்வாயில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி அந்த நாட்களில் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதே. அப்பஞ்சத்தில் எலும்பும் தோலுமானவர்களை ஹூப்பர் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். படம் எடுத்தவரின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. படத்தில் இருப்பவர்களின் பெயரைச் சொல்வார் இல்லை. "பிறர் துன்பத்தைக் காட்டுவது தவறில்லை. ஆனால் அவரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்" என்றார் தமிழம்மா.

அடுத்த சனிக்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு ஆறு பேர் ஆயாவின் வீட்டுக்குப் போனோம். ஆயா படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தது.

"யாரு எட்த்தது?"

"நான்தான், ஆயா" என்று படம் எடுத்தவள் முன்னால் வந்தாள்.

"நல்லாத்தான் எட்த்துக்கீற கண்ணு. ஆனா இன்னாத்துக்கு ஏழ்மைன்னு எழுதினே? விடிகாலைல காசிமேடு போயி மீன் எட்த்தாந்து வித்துட்டு வர்றேன். யார் கிட்டயும் போயி கையேந்தலையே நானு?"

அவளால் பேச முடியவில்லை. ஆயாவே அவள் கன்னத்தைத் தடவி, "அழாதே. பள்ளிக்கூடத்துல மாட்டு. என் பேரையும் போடு. பேத்தி எழுதின பாட்டையும் பக்கத்துலயே மாட்டு" என்றது. பிறகு எங்கள் ஆறு பேருக்கும் டீ வாங்கிவரச் சொல்லிப் பேத்தியை அனுப்பியது.

ஆண்டு விழாவன்று தாழ்வாரத்தில் அந்தப் படம் நடுவில் இருந்தது. "ஏழ்மை" என்ற தலைப்பு இல்லை. ஆயாவின் பெயர் இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு படத்தையும் பலர் நின்று பார்த்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் புகுந்தபோது வீட்டுச் சுவரில் விழுந்த கறைக்கோட்டை எங்கள் தோழி ஒருத்தி எடுத்திருந்தாள். அதற்குக் கவிதை எழுதியவள், அது வெள்ளக் கோடு என்று தெரியாமல், குழந்தையின் உயரம் அளக்கப் போட்ட கோடு என்றே முதலில் நினைத்தாள். உண்மை தெரிந்த பிறகு இரண்டையும் சேர்த்து இப்படி எழுதினாள்:

தம்பியின் உயரம் பார்க்கச்
சுவரில் கோடு போடுவோம்.
தண்ணீரே, நீ
ஒரே ராத்திரியில்
இவ்வளவா வளர்ந்தாய்?

காட்சியின் கடைசியில் ஒரு பாராட்டு ஏடு வைத்திருந்தோம். அதன் முதல் பக்கத்தில் தமிழம்மா தம் கையால், "நன்று என்று மட்டும் எழுதாதீர்கள். எது நன்று என்று எழுதுங்கள்" என்று எழுதியிருந்தார். இதனால் சிலர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பவும் படங்களைப் பார்க்கப் போனார்கள்! ஒரு தாய், "குடங்களின் படத்தில் என் குடமும் இருக்கிறது. பச்சை நிறம். நான் வரிசையில் ஏழாவது" என்று எழுதினார். ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு தந்தை, "நிலக்கரி வண்டியானால் பெரும்பாலும் ஐம்பத்தெட்டுப் பெட்டிதான். ஆயாவின் கணக்கு சரி" என்று எழுதினார். கவிதையில் அந்த எண் எதற்கு என்று கேட்டவர்கள் எங்களில் இருந்தோம். அந்த எண்தான் அவருடைய மனத்தைத் தொட்டிருக்கிறது.

பிறருடைய படைப்பைப் பாராட்டுவது எளிது என்று நினைத்திருந்தோம். கைதட்டினால் போதும் என்று இருந்தோம். கைதட்ட ஒரு நொடி போதும். பார்க்கத்தான் நேரம் வேண்டும் என்று இப்போது தெரிகிறது. கடைசி வரிசையில் மடித்து வைத்த ஒரு தாளைப் பிரித்து வாசிக்கச் சொல்லிக் கேட்கும் பழக்கம் எங்கள் வகுப்புக்கு வந்திருக்கிறது.

இன்னும் ஒன்று. ஆயா விழாவுக்கு வந்திருந்தது. தன் படத்தின் முன் நின்று, "அந்தக் கூடையை நல்லாக் கழுவிட்டுத்தான் குந்திக்கினு இருந்தேன். பளபளப்பு சரியா விழலியே!" என்று குறை சொன்னது. பாராட்டு ஏட்டில் எது நன்று, எது குறை என்று சரியாகச் சொன்ன முதல் விமரிசகர் அவர்தான். அடுத்த முறை வெளிச்சம் பார்த்து எடுப்பதாக எங்கள் தோழி வாக்குக் கொடுத்திருக்கிறாள். இம்முறை கேட்டுக்கொண்டுதான் எடுப்பாள்.