சிறு தோட்டாவும் பெரிய துப்பாக்கியும்

பெரியதைக் கற்க விரும்புவோர் சிறியதில் தொடங்குவது உலக வழக்கு. மணலில் எழுதிப் பழகிய விரல்தான் பின்னர் ஏட்டில் எழுதியது. போர்த்தொழிலும் இவ்வழக்கிற்கு விலக்கன்று. இராணுவத் துப்பாக்கியில் சிறு தோட்டாவை இட்டுச் சுடப் பழக்கும் முறை நூறாண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. அதனைப் பற்றிச் சங்கத்து அன்பர்களுடன் சிறிது பேசலாம் என்பது நம் எண்ணம்.

தமிழ்க் குடும்பங்களுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. தேசிய மாணவர் படை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. மறு ஆண்டே பெண்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. நம் வீடுகளிலிருந்து அதில் சேரும் பிள்ளைகள் பலர். முகாமுக்கு அனுப்பப் பெற்றோரின் சம்மதம் வேண்டி ஒரு தாள் வீட்டுக்கு வரும். "சுடும் பயிற்சி" என்ற சொல்லை அதில் கண்டதும் தாய்மார் முகம் மாறுவதை நாம் பார்த்திருக்கிறோம். "சின்னத் தோட்டாதான், பயமில்லை" என்று தந்தைமார் சமாதானம் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். அந்தச் சமாதானம் பாதிதான் உண்மை.

சிறு தோட்டாவின் வரலாறு பிரான்சில் தொடங்குகிறது. 1845-ஆம் ஆண்டளவில் ஃப்ளோபேர் என்பவர் விளிம்பில் வெடிக்கும் தோட்டாவை அமைத்தார். 1857-இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி .22 அங்குலத் தோட்டாவை வெளியிட்டது. இன்று எங்கும் வழங்கும் நீண்ட வகை 1887-இல் வந்தது. பெரிய தோட்டாவில் வெடிக்கும் மருந்து அடிப்பாகத்தின் நடுவே ஒரு சிமிழில் இருக்கும். சிறு தோட்டாவிலோ அடி விளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கும். ஆதலின் செய்வதற்கு மலிவு, ஓசை குறைவு, தோளில் உதைப்பதும் மிகக் குறைவு.

இம்மூன்று நன்மைகளையும் இராணுவத்தார் கண்டனர். ஆனால் தனியாக ஒரு சிறு துப்பாக்கியைக் கொடுத்துப் பழக்கினால், களத்தில் ஏந்தப்போகும் துப்பாக்கியின் கனமும் குறிமுள்ளும் விசையும் கைக்குப் பழகா. பெரிய துப்பாக்கியையே சிறு தோட்டாவுக்கு ஏற்ப மாற்றினால் என்ன என்று எண்ணினர். நம் நாட்டுப் படையினரும் காவலரும் நெடுங்காலம் ஏந்திய .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கியை ஆங்கிலேயர் இவ்வாறு மாற்றினர். 1918-ஆம் ஆண்டு மாதிரியில், .303 தோட்டாவின் வடிவிலேயே கூடு செய்து, அதனுள் .22 தோட்டாவைச் செருகினர். பின்னர் வந்த ஒரு வகையில் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட வேண்டும். மேகசின் என்னும் தோட்டாப் பெட்டி அதில் வெறுமையாயிருந்து, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடுகள் விழும் தொட்டியாயிற்று!

தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஆயுதங்கள் வந்தபோது சிக்கல் மிகுந்தது. அவற்றின் பொறி, பெரிய தோட்டாவின் வேகத்தால் இயங்குவது. சிறு தோட்டாவுக்கு அந்த வலிமை ஏது? அமெரிக்காவில் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். தோட்டா அமரும் அறையையே சிறிது பின்னோக்கி நகரும்படி அமைத்து, சிறு வெடியின் உந்துதலைப் பெருக்கிக் காட்டினார். 1938-இல் கோல்ட் கம்பெனி .45 கைத்துப்பாக்கிக்கு விற்ற மாற்றுக் கருவி இம்முறையில் அமைந்ததே.

பின்னாளில் எம்-16 துப்பாக்கிக்கு எம்-261 என்ற எண்ணுடன் ஒரு கருவி வந்தது. அதன் குழலும் .22 தோட்டாவின் குண்டும் ஏறக்குறைய ஒரே அளவாயிருந்ததால் குழலை மாற்ற வேண்டியதில்லை. உள்ளே இயங்கும் போல்ட்டை எடுத்துவிட்டு, இலேசான வேறொன்றை இடுவார்கள். மேகசின்தான் பெரும் சங்கடம். இராணுவத் தோட்டா சுமார் 57 மில்லிமீட்டர் நீளம். சிறியதோ 25 மில்லிமீட்டர்தான். எனவே பத்துத் தோட்டா கொள்ளும் ஓர் உட்பெட்டி செய்து, இராணுவ மேகசினுக்குள் இறக்கினர். சிறு தோட்டாவின் விளிம்பு உடலினும் அகன்றது. ஒன்றன் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னே சிக்கினால் ஏற்றம் நின்றுவிடும். ஆகவே பெட்டியின் வளைவும் வாயும் நுட்பமாக இருத்தல் வேண்டும். வெளித்தோற்றம் ஒத்திருந்தாலும் ஒரு கருவிக்குரிய பெட்டி மற்றொன்றுக்குப் பொருந்தாமற் போவதும் உண்டு.

அமெரிக்காவில் இத்தகைய கருவிகள் கடையில் கிடைக்கின்றன. விடுமுறைக்கு வந்த நண்பர் மகன் ஒருவன் கைபேசியில் அவற்றின் படங்களைக் காட்டி, "மாமா, இது வெறும் இருபத்திரண்டு. பாதி விளையாட்டுச் சாமான். அந்த மேகசின் ஒன்றை ஞாபகார்த்தமாகக் கொண்டு வந்திருக்கலாம்" என்றான். நாம் அவனுக்குச் சொன்னதை இங்கும் சொல்லுகிறோம். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, ஆயுதம் என்பதில் அதன் உறுப்புகளும் அடங்கும். பையின் மூலையில் மறந்துவிட்ட ஒரு தோட்டாவே விமான நிலையத்தில் வழக்காக முடியக்கூடும். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதனை முன்கூட்டியே எழுதிவிடுதல் நலம்.

அவன் சொன்ன "விளையாட்டுச் சாமான்" என்ற சொல்லே நம்மை மிகவும் உறுத்திற்று. சிறு தோட்டாவின் குண்டு சுமார் இரண்டரை கிராம் எடைதான். ஆயினும் அது ஒன்றரை மைல் தூரம் வரை சென்று தீங்கு செய்யவல்லது. உயிரைக் கொல்ல அதற்கு வலிமை போதும். மாற்றுக் கருவி தோட்டாவின் விலையையும் ஓசையையும் உதைப்பையும் குறைக்கும். சுடுபவனின் பொறுப்பைக் குறைக்காது. இன்னும் சொல்லப்போனால், சிறு தோட்டாவில் பழகிய பழக்கம் பெரிய தோட்டாவுக்கும் தொடர வேண்டும் என்பதற்காகவே அக்கருவி பிறந்தது. நல்ல பழக்கம் தொடருமாயின் தீய பழக்கமும் தொடருமன்றோ! குழல்முனையை ஆள் இருக்கும் பக்கம் திருப்பாமை, சுடும் நேரம் வரும்வரை விசையில் விரல் வையாமை, தோட்டா இல்லை என்று பிறர் சொன்னாலும் தானே திறந்து பார்த்தல் ஆகிய மூன்றையும் இருபத்திரண்டில் அலட்சியம் செய்தவன் முந்நூற்று மூன்றிலும் அலட்சியமே செய்வான்.

இவ்வொழுக்கத்தோடு கற்றோர் உயர்வதையும் காண்கிறோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐம்பது மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் இந்தச் சிறு தோட்டாவைக் கொண்டே சுவப்னில் குசாலே வெண்கலம் வென்றார். அப்போது அவர் இரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த நம் இளவேனில் வாலறிவன், 2019-இல் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண் அவர் என்பது நமக்கெல்லாம் பெருமை.

ஆதலின் சம்மதத் தாளில் கையெழுத்திடுக என்றே தாய்மாருக்குக் கூறுவோம். தந்தைமாருக்கு ஒரு வேண்டுகோள்: "சின்னத் தோட்டாதான்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "துப்பாக்கியைக் கையில் எடுக்கிறாய், நினைவிருக்கட்டும்" என்று சொல்லி அனுப்புங்கள்.