களவாய்க் குடிக்கும் காற்று

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கார் இருக்கலாம். காலையில் எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் நின்ற நிலையில் ஓடும்போது இழுப்பு நோயாளியைப் போல ஏறி இறங்கித் திணறும். சந்தியில் காலை எடுத்ததும் அணைந்துவிடும். சோக்கை இழுத்தால் மட்டும் சீராகும். உடனே நாம் பிளக்கை மாற்றுகிறோம், பெட்ரோல் பம்பை மாற்றுகிறோம். அதுவும் சரிவராவிட்டால் சோக்கை இழுத்தபடியே ஓட்டித் திரிகிறோம். 2022 ஜூனில் பெட்ரோல் லீட்டர் 470 ரூபாயாகி, அடுத்த மாதம் காருக்கு வாரம் 20 லீட்டர் என்று அளந்து கொடுத்தார்களே, அப்போது இப்படி ஓட்டியவர்களுக்குத்தான் அந்த வீண்விரயத்தின் கனதி தெரியும்.

என்னிடம் ஒரு மொரிஸ் மைனர் உண்டு. (மத்ரஸாப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஏறச் சொன்னால் முதலில் ஏறுபவர்களும் அவர்கள்தாம்.) இதே நோயோடு அதைக் கொழும்புத்துறையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பானரைத் தொடவேயில்லை. ஒரு துண்டு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டரைச் சுற்றி மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் கை நின்றது.

"மௌலவி, எண்ணெயில குறை இல்லை. இது களவாக் காத்துக் குடிக்குது" என்றார்.

விடயம் இதுதான். பிஸ்டன் இறங்கும்போது எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. அக்சிலேட்டரிலிருந்து நாம் காலை எடுத்ததும் கார்புரேட்டரின் தட்டு ஏறத்தாழ மூடிக்கொள்கிறது. அதற்கு அப்பால் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. (இந்த உறிஞ்சல் புதிதல்ல, 1206-ல் எழுதிமுடித்த நூலில் அல்ஜஸரீ விவரித்த இரட்டை உருளைப் பொறியும் உறிஞ்சித்தான் நீரை மேலேற்றியது.) அந்த இடத்தில் காஸ்கட் உடைந்திருந்தால், குழாய் வெடித்திருந்தால், தட்டின் அச்சுத் தேய்ந்திருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே புகும். பெட்ரோலோ அதே அளவுதான். கலவை மெலிந்துபோகும்.

ஒன்றை நன்கு கவனியுங்கள். இந்த நோய் வேகமாக ஓடும்போது ஒளிந்துகொள்ளும். தட்டுத் திறந்ததும் வெற்றிடம் குறைந்து, கள்ளக் காற்றின் பங்கும் சிறிதாகிவிடுவதே காரணம். பெட்ரோல் பம்பின் பழுது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. நிற்கையில் நல்ல பிள்ளையாக இருந்து, ஏற்றத்திலும் வேகத்திலும் காட்டிக்கொடுக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால் தேவையில்லாத செலவு பாதி குறையும்.

அவருடைய காது இப்படிப் பழகியது யுத்த காலத்தில். 1990-ல் தடை வந்தபின் பெட்ரோல் இல்லாமல் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட சோனகத்தெருப் பிள்ளைகளில் நானும் ஒருவன். ஆகவே அவர் சொல்லித்தான் கேட்டேன். மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. சூடும் வேண்டும், நல்ல உறிஞ்சலும் வேண்டும். "ஊசித் துவாரம் இருந்தாலும் அந்தச் சொட்டுப் பெட்ரோல் வீணாப் போயிடும். காது குடுக்காமல் என்ன செய்யிறது?" என்றார். பேசியபடியே காஸ்கட் தாளை வெட்டிப் பொருத்திவிட்டார்.

வீட்டில் பார்ப்பதானால் சவர்க்கார நீரைப் பொருத்துகளின் மேல் சிறிது சிறிதாகத் தெளியுங்கள். எஞ்சினின் சத்தம் எங்கே மாறுகிறதோ அங்கேதான் கசிவு. சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான எக்ஸோஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடித்துவிடும். புதிய கார்களில் மஞ்சள் விளக்கு எரியும். கருவியை மாட்டினால் கலவை மெலிந்தது என்று சொல்லும்; துவாரம் எங்கே என்று சொல்லாது.

எனது மொரிஸ் மைனரில் இது வெறும் தொல்லை. ஆனால் பின்னாளில் வந்த பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பிரேக்குக்குத் துணைசெய்வதும் இதே வெற்றிடம்தான். அந்தக் குழாய் வெடித்தால் மிதி கல்லாகிவிடும். பெண்டு பிள்ளைகளை ஏற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: எஞ்சினை நிறுத்தி மிதியை நாலைந்து முறை அமுக்குங்கள், பிறகு காலை அதிலேயே வைத்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அன்று பஸ்ஸில் போங்கள்.