ரஸ்தாளிக் கிழங்குக்குத் தூவும் தூள்

நைனார்பாளையத்தைச் சுற்றியுள்ள கொல்லைகளில் மக்காச்சோளமும் மரவள்ளியும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. கிணற்றில் தண்ணீர் நிற்கும் இடங்களில் வாழை. ரஸ்தாளி நடவுக்கு வந்த பெண்கள் புங்கமர நிழலில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். அரிவாள் வேரை நறுக்கி, அழுகிய தோலை வழித்து, வெள்ளைச் சதை தெரிந்ததும் நின்றுவிடுகிறது. அதற்குமேல் போனால் கன்று நலிந்துவிடும்.

சீவிய கிழங்கைக் களிமண் குழம்பில் முக்கியெடுத்த ஒருவர் அதன்மீது வெள்ளைத் தூளைத் தூவினார். கன்றுக்கு 10 கிராம்.

“என்ன மருந்துக்கா இது?” என்று கேட்டேன்.

“மருந்து இல்லீங்க, உசுரு இருக்கிற தூளு. வெயில்ல வெச்சா செத்துப்போயிடும்.”

அவர் சொன்னது சரி. அது சூடோமோனாஸ் ஃப்ளூரசென்ஸ் என்ற மண் பாக்டீரியா. புற ஊதா ஒளியில் மஞ்சள் பச்சையாக ஒளிரும். ஆய்வகத்தில் திரவமாக வளர்த்து, டால்க் பவுடரில் கலந்து பொட்டலமிடுகிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரவலாக்கிய முறை இது. புதிதாகத் தயாரித்த தூளில் கிராமுக்கு ஏறத்தாழ 25 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். மாதங்கள் போகப் போக எண்ணிக்கை சரியும்.

ரஸ்தாளிக்கு இது ஏன் தேவை? பனாமா வாடல் நோய்க்கு எளிதில் பலியாகும் ரகம் அது. அடியிலைகள் மஞ்சளாகித் தொங்கும், தண்டு வெடிக்கும், அறுத்துப் பார்த்தால் உள்ளே பழுப்புக் கோடுகள் ஓடும். நோய்க்குக் காரணமான ஃபியூசேரியம் பூஞ்சை, வாழை இல்லாத மண்ணிலும் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கும். மத்திய அமெரிக்காவில் இதே நோய்தான் குரோ மிஷேல் ரகத் தோட்டங்களை அழித்தது. 1960களில் ஏற்றுமதி வணிகமே கேவண்டிஷுக்கு மாறவேண்டியதாயிற்று.

சூடோமோனாஸ் வேரைச் சுற்றிக் குடியேறி, மண்ணிலிருக்கும் இரும்புச்சத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது, பூஞ்சைக்குக் கிடைக்கவிடுவதில்லை. பூஞ்சையை ஒடுக்கும் பொருள்களைச் சுரக்கிறது. செடியின் எதிர்ப்புச் சக்தியையும் முன்கூட்டியே தூண்டிவிடுகிறது. வேர் வளர்ச்சிக்கான ஊக்கியையும் கொடுக்கிறது. நோயை அடியோடு ஒழித்துவிடாது. வேருக்கு முன்கூட்டியே ஒரு காவல் கிடைக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காவலும் தூள் உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான்.

இங்கேதான் மனசு கேட்கவில்லை. தகரக் கூரைக் கடையில் வெந்து கிடந்த பொட்டலமும் அதே விலைக்குத்தான் விற்கும். உற்பத்தித் தேதியைப் பார்த்து வாங்கவேண்டும், ரசாயன மருந்தோடு ஒரே வாளியில் கலக்கக்கூடாது, ஈரமான தொழு எருவில் கலந்து நிழலில் வைக்கவேண்டும் என்பதெல்லாம் பயிற்சிக் கூட்டங்களில் சொல்லப்படுகிறது. ஆனால் தூள் கடைசியில் போய்ச்சேரும் கை கூலிக்கு வந்த பெண்ணுடையது. அந்தக் கூட்டங்களுக்கான அழைப்பு அவருக்கும் போகவேண்டும். இந்தக் கொல்லைப் பெண்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டே இவ்வளவும் கற்றிருக்கிறார்கள்.

கன்று பிடித்து வளர்ந்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. கிழங்கில் சாய்வாகத் துளை போட்டு, 60 மில்லிகிராம் தூள் அடைத்த மாத்திரைக் குப்பியை உள்ளே தள்ளி, மண்ணால் மூடவேண்டும். அதற்கும் இவர்களையே கூப்பிடப்போவதாகக் கொல்லைக்காரர் சொன்னார்.