ஊர் தேடி வரும் சவாரி

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து புருஷனும் பெண்சாதியுமாக வருவார்கள். அவர்களில் யார் ஊர் தேட வந்தவர், யார் கோயிலும் கோட்டையும் பார்க்க வந்தவர் என்பது பெட்டியை டிக்கியில் ஏற்றும்போதே தெரிந்துவிடும். ஊர் தேட வந்தவர் தோள்பையைக் கீழே வைக்கமாட்டார். அதில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் இருக்கும். 1860 முதல் 1911 வரை கரும்புத் தோட்டம் முதலிய வேலைகளுக்கு ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்குக் கப்பலேறியவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். அவர்களுடைய பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் பதிவேட்டில் உண்டு. அதன் நகல்தான் அந்தத் தாள்.

புதிதாக டூரிஸ்ட் வண்டி எடுக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: ஜிபிஎஸ்ஸை நம்புவதற்கு முன் அந்தத் தாளைப் படிக்கப் பழகுங்கள். ஜில்லா 'வட ஆர்க்காடு' என்றிருந்தால் வேலூருக்கு வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். ராணிப்பேட்டைப் பக்கமும் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் ஒரு பகுதியும் அதற்குள் இருந்தவை. சித்தூர்ப் பக்கம்கூட 1911 வரை அந்த ஜில்லாதான். தாலுகாவைப் பிடித்தால்தான் ஊர் கிடைக்கும். ஒரே பெயரில் நாலு தாலுகாவில் நாலு ஊர் இருக்கும். கிராமத்தின் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதனால் தாளை யாரிடமும் நீட்டாதீர்கள். வாய்விட்டு, வேகமாக, இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் பட்டென்று பிடித்துவிடுவார்.

எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரை ஸ்டாண்டில் எல்லோரும் மாமா என்போம். அம்பாசிடர் காலத்து ஆள். ஊருக்குள் வண்டியைக் கொண்டுபோகமாட்டார். எல்லையில் புளியமரத்தடியில் நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்பார். தண்ணீர் கொண்டுவருகிறவரோடு பேச்சு தொடங்கும். இன்னோவாவுக்கு அந்தச் சாக்கு இல்லை. நான் டீ சொல்கிறேன். ஏசி வண்டி நேராகத் தெருவுக்குள் நுழைந்து, வெளிநாட்டுக்காரர் இறங்கி முப்பாட்டன் பெயரைச் சொன்னால், ஊர்க்காரருக்கு முதலில் வருவது பயம். நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்ற பயம். “குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வந்திருக்காங்க” என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும்.

அது சாக்கு மட்டுமல்ல, தேடலுக்கே நல்ல வழி. பலரும் விஏஓ ஆபீஸுக்குப் போய் பட்டா, அ-பதிவேடு என்று அரைநாள் நிற்கிறார்கள். கூலியாகக் கப்பலேறியவருக்கு ஊரில் நிலம் இருந்திருந்தால் அவர் ஏன் போகப்போகிறார்? சாமியைப் பிடியுங்கள். குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களைப் பார்ட்டியிடம் கேளுங்கள். அங்கம்மாள் என்று இரண்டு பாட்டிகள் இருந்தால் மேல்மலையனூர் அங்காளம்மன் பக்கம் யோசிக்கலாம். எல்லம்மாள் வந்தால் படவேடு ரேணுகாம்பாள். மன்னாரும் பச்சையம்மாளும் சேர்ந்து வந்தால் ஊருக்கு வெளியே சுதை வீரர்கள் காவலிருக்கும் பச்சையம்மன் கோயிலை விசாரியுங்கள். இதில் எதுவும் முடிவல்ல. எந்தப் பக்கம் கேட்கத் தொடங்கலாம் என்பதற்கு ஒரு பிடி, அவ்வளவுதான். எந்தப் பங்காளிகள் எந்தக் கோயிலில் மொட்டையடிக்கிறார்கள் என்பது பூசாரிக்குத் தெரியும்.

தாளில் சாதிக்கு ஒரு கட்டம் உண்டு என்றேன். அதை டீக்கடையில் உரக்கப் படிக்கக் கூடாது. காரிலேயே பார்ட்டியிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, ஊருக்குள் போவதா காலனிக்குப் போவதா என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். தப்பான தெருவில் போய் நின்று முப்பாட்டன் பெயரைக் கேட்டால், பார்ட்டி காதில் விழக்கூடாத வார்த்தை விழும். கடல் தாண்டி வந்தவர்களுக்கு அது வேண்டாம்.

மொழிபெயர்ப்பும் நம் தலையில்தான். திண்ணைப் பாட்டி “இருக்கலாம்பா, எங்க மாமியாரு சொல்லுவாங்க” என்றால், அதை “ஆமாம்” என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஸ்டாண்டில் ஒரு பையன் டிப்ஸுக்கு ஆசைப்பட்டு அப்படிச் சொல்லி, யாரோ ஒரு வீட்டாரை உறவாக்கிவிட்டான். பார்ட்டி அழுது, புடவை வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள். மாமா அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. அடுத்த ஊர் தேடும் சவாரியில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாள் முழுக்க வாயைத் திறக்காமல் கேட்கச் சொன்னார்.

கோயிலும் கோட்டையும் பார்க்க வந்தவர்தானே என்று கூட வந்தவரை ஓட்டலில் விட்டுவிடாதீர்கள். புருஷன் வாசலில் பெரியவர்களோடு தாளை வைத்துக்கொண்டு மல்லாடும்போது, அந்தம்மாவைப் பெண்கள் உள்ளே கூட்டிப்போய்விடுவார்கள். வாசலில் கிடைக்காத தகவல் பெரும்பாலும் அடுப்படியிலிருந்துதான் வரும். தாது வருஷப் பஞ்சத்தில் யார் வீட்டு ஆள் காணாமல் போனது என்ற கதையைச் சொல்பவர்கள் மருமகள்கள்தான். தாது என்றால் 1876. தாளிலுள்ள தேதியோடு பொருந்துகிறதா என்று உடனே பார்த்துக்கொள்ளுங்கள்.

புரோக்ராம் போடும்போது ஊரைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். “பெரியம்மா நாளைக்கு வந்துடுவாங்க” என்று ஊர் சொல்லும்; அந்த நாளைக்கு நம் கையில் இருக்க வேண்டும். காஞ்சிபுரம் முதலில். செஞ்சியில் ராஜகிரி ஏறுவது காலை வெயிலுக்கு முன். பௌர்ணமியில் திருவண்ணாமலையும் அமாவாசையில் மேல்மலையனூரும் வேண்டாம், வண்டி நகராது. மகாபலிபுரம் திரும்பும் வழியில்.

இன்னொன்று வாடகை. ஊர் தேடும் நாளில் வண்டி நிற்கும் நேரம்தான் அதிகம், மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது. ஓனர் முகம் சுளிப்பார். அதனால் அந்த நாளுக்கு டே ரென்ட், பேட்டா தனி என்று புறப்படும் முன்பே டிரிப் ஷீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.