தில்லியில் ஒரு தட்டுச் சாப்பாடு

பயணம் போய் வந்தவரிடம், "என்ன பார்த்தீர்கள்?" என்று ஆண்கள் கேட்பார்கள். "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பவர்கள் நீங்கள்தான். எனவே, 2023 பெப்ரவரியில் புதுதில்லியில் நான் சாப்பிட்ட ஒரு பகற்சாப்பாட்டைப் பற்றி உங்களிடமே சொல்கிறேன்.

ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 1969ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. நகரின் தென்புறத்தில், ஆரவல்லிக் குன்றுப் பாறைகளுக்கும் முட்புதர்களுக்கும் நடுவே பரந்து கிடக்கிறது. வளவுக்குள் மயில்கள் சாதாரணமாக நடமாடுகின்றன. மாணவர் விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். கங்கா, ஜீலம், நர்மதா என்று நீளும் அந்த வரிசையில் காவேரியும் பெரியாறும் உண்டு.

அரபு மொழிக்கு அங்கே தனியொரு மையம் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன். வழிகாட்ட வந்தவர் பீகாரைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர். எனக்கு உருது அரைகுறை, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் அரபியிலேயே பேசிக்கொண்டோம்.

ளுஹர் தொழுதுவிட்டு வந்ததும் நல்ல பசி. "உஸ்தாத், என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். மரக்கறிச் சாப்பாடே போதும் என்றேன். காரணம் இருக்கிறது. வட இந்தியாவில் 'ஜட்கா' என்று ஒரு முறை உண்டு. ஒரே வெட்டில் தலையைத் துண்டித்த பிராணியின் இறைச்சி அது. நமக்கு ஆகாது. விசாரிக்க வழியில்லாத இடத்தில் மரக்கறிதான் மனதுக்கு நிம்மதி.

சிற்றுண்டிச்சாலையில் பள்ளம் பள்ளமாகப் பிரித்த எவர்சில்வர் தட்டொன்றை நீட்டினார்கள். வெள்ளைச் சோறு, இரண்டு ரொட்டி, ராஜ்மா, உருளைக்கிழங்கும் கோலிபிளவரும் சேர்ந்த பிரட்டல், தயிர், வெட்டிய வெங்காயமும் முள்ளங்கியும். கொழும்பில் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கும் காசில் பாதிகூட ஆகவில்லை. வெளியே இளவெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ராஜ்மா என்பது சிறுநீரக வடிவில் உள்ள பெரிய சிவப்பு அவரை விதை. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்து அவிக்க வேண்டும். அரைவேக்காடாக இருந்தால் வயிற்றைக் குழப்பிவிடும். பிறகு வெங்காயம், இஞ்சி, உள்ளி, தக்காளி, நற்சீரகம், மிளகாய்த்தூள், கொத்தமல்லித்தூள் சேர்த்த தாளிப்பில் போட்டுக் கொஞ்சத்தை மசித்துவிட்டால் குழம்பு தடித்துவிடும். தேங்காய்ப்பால் கிடையாது. ரொட்டியிலும் நம் வீட்டைப்போல் தேங்காய்ப்பூ இல்லை. ஆனாலும் ருசியில் குறையில்லை.

எதிரே ஒரு சீக்கிய மாணவர். பக்கத்தில் பர்தா அணிந்த இரண்டு பெண்பிள்ளைகள். எல்லோருடைய தட்டிலும் அதே ராஜ்மாதான். சந்தேகமின்றி நானும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக் கை கழுவும்போதுதான் எங்கள் தமிழ்ப்பாட ஆசிரியரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

பல வருடங்களாக என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பிப்பவர். இறைச்சி, மீன், முட்டை எதுவும் தொடமாட்டார். அது எனக்குத் தெரியும். என் தம்பியின் வலீமாவுக்கு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மேசையில் புரியாணி, கோழி, மாட்டிறைச்சி. பருப்பிலும் மாசி. ஒரு வாழைப்பழத்தோடு எழுந்துவிட்டார். "சேர், ஒன்றும் சாப்பிடவில்லையே?" என்றேன். "பரவாயில்லை மௌலவி, பசியில்லை" என்றார். நானும் அதை அப்படியே நம்பி அடுத்த விருந்தாளியிடம் போய்விட்டேன்.

ஸூரா ஹூதில் இப்ராஹீம் (அலை) அவர்களின் விருந்தைப் பற்றி மாணவர்களுக்கு எத்தனை தடவை பாடம் நடத்தியிருக்கிறேன்! பொரித்த கன்றை வைத்தார்கள். விருந்தாளிகளின் கை அதன் பக்கம் நீளாததை உடனே கண்டுகொண்டார்கள். நான் கண்டும் காணாதவனாக இருந்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் மனைவியிடம் இதைச் சொன்னேன். ராஜ்மா எங்கள் பக்கம் கிடைக்கவில்லை. புதுச்சட்டி ஒன்றில், மாசி சேர்க்காமல், கௌபியை அதே முறையில் ஆக்கித் தந்தார். சேரைக் குடும்பத்தோடு அழைத்தோம். இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது சிரித்துக்கொண்டே, "மௌலவி, அன்றைக்கும் எனக்கு நல்ல பசிதான்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சகோதரிகளே! கலியாணமோ, பெருநாள் விருந்தோ, நம் வீட்டுக்கு இப்படி ஒருவராவது வரத்தான் செய்வார். அழைக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கென ஒரு சட்டி, தனி அகப்பை, மாசி போடாத இரண்டு கறி. இறைச்சிச் சட்டி அடுப்பில் ஏறும் முன்பே இதை ஆக்கி மூடி வைத்துவிடலாம். விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு சேர்த்துச் சொன்னார்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அந்தக் கண்ணியத்துக்கு அரைமணி நேரமும் ஒரு சுண்டுக் கௌபியும் போதும்.