கெடிலக் கரையில் இணையப் பாடம்

திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பள்ளியின் ஹைடெக் லேப். நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்து ஆசிரியர்கள் சிலர் விடுமுறை நாளில் கூடியிருந்தார்கள். 2018 முதல் பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஆனால் அவையெல்லாம் மேலிருந்து வருபவை. தங்கள் வகுப்புக்கென்று தாங்களே வலைத்தளம் கட்டிப் பழகத்தான் இவர்கள் வந்திருக்கிறார்கள்.

சொல்லிக்கொடுத்த இளைஞர் முதலில் கேட்டது, "யாரு எப்ப பாப்பாங்க?" என்று. சுரங்க ஷிஃப்ட் முடிந்தோ முந்திரிப் பட்டறையிலிருந்தோ அப்பா வீடு திரும்பிய பிறகுதான் பல பிள்ளைகளின் கைக்கு போன் வரும். அதற்குள் அன்றைய டேட்டா பாதி தீர்ந்திருக்கும். ஆகவே ஐந்து எம்பி படத்தை இருநூறு கேபிக்குச் சுருக்குவதுதான் முதல் பயிற்சி.

அடுத்து எழுத்துருச் சிக்கல். ஒரு தமிழாசிரியை பல வருட வினாத்தாள்களை பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார். எல்லாம் வானவில் எழுத்துருவில் அடித்தவை. வலைப்பக்கத்தில் ஒட்டியதும் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டின. "தம்பி, என்னப்பா இது?" என்று பதறினார். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய கோப்புகள்தான் மாறவில்லை. எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தபின் வரிவரியாக மெய்ப்புப் பார்த்தார். கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்த இடங்களை அவர் கண்தான் பிடித்தது.

சமூக அறிவியல் ஆசிரியை எடுத்துக்கொண்டது பக்தி இயக்கம். சூலை நோய் தீர அப்பர் முதல் பதிகம் பாடியதாகப் பெரியபுராணம் சொல்லும் ஊர் இது. முதல் வரைவில் கோபுரம், தேர், திலகவதியார், மூன்று வீடியோ என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டார். "டீச்சர், இதுல எதைப் பாத்தே ஆகணும், எதைக் கேட்டே ஆகணும்?" என்றார் இளைஞர். கொஞ்ச நேரம் யோசித்து ஒவ்வொன்றாக நீக்கினார். விமானத்துச் சுதைச் சிற்பங்களுக்கு ஒரு படம். பதிகத்துக்கு ஓதுவார் குரலில் ஒரு நிமிட ஒலிப்பதிவு. பல்லவர் காலச் செய்தி நாலு வரி எழுத்தில். பார்வையற்ற மாணவருக்காகப் படத்தின் கீழே விளக்கம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி: சமணத்துக்குப் போன தம்பி அப்பரை அக்கா திலகவதியார் ஏன் மீட்க விரும்பினார்?

கேள்வியை முன்வைப்பது இந்த ஊருக்குப் பழக்கமான முறைதான். திருவதிகை மனவாசகங்கடந்தார் 'உண்மை விளக்கம்' என்ற சைவ சித்தாந்த நூலை மாணவர் கேட்க, குரு மெய்கண்டார் விடை சொல்லும்படியாகத்தான் அமைத்தார். ஊடகம் எத்தனை இருந்தாலும் கேள்விக்கு உதவாததை வெட்டுவதுதான் இந்தத் தொழிலின் நுணுக்கம் என்று பட்டது.

வந்திருந்தவர்களில் தலைமையாசிரியர்களின் கவலை வேறு. மாணவர் எண்ணிக்கையும் வருகையும் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்கனவே ஏறிவிடுகின்றன; அது துறைக்கு. பெற்றோருக்கு வேண்டியது பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம், தேர்வு அட்டவணை, குடிநீர் வேலை எதுவரை வந்தது என்ற செய்தி. பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். பதினெட்டு வயது நிரம்பாதவர் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். கைகள் வேலை செய்வதை மட்டும் படமெடுப்போம் என்று முடிவாயிற்று.

மூத்த தலைமையாசிரியர் ஒருவர் கடைசியில் சொன்னதுதான் முக்கியம். "சொந்த மெயில்ல கட்டிட்டு, கலந்தாய்வுல வேற ஊருக்குப் போயிடுவாங்க. அப்புறம் பாஸ்வேர்டு யாருகிட்டன்னு தேடணும்." பள்ளிப் பெயரிலேயே மின்னஞ்சல் தொடங்கி, திறவுச்சொல்லை இருவர் பொறுப்பில் விட்டு, பீரோ சாவியோடு அதையும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றார். தளம் கட்டக் கற்றவர்கள் பலர். அதைப் பள்ளியின் சொத்தாகக் கணக்கில் ஏற்ற நினைத்தவர் அவர் ஒருவர்தான்.