கண்டிக்குப் போனவர்

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின வாரமெல்லாம் இறந்தோரின் பெயர்ப் பட்டியல்கள் எம்மிடம் வந்து குவியும். கொண்டுவருவோர் பெயரோடு நிறுத்துவதில்லை. கடன்பட்டு வீட்டை இழந்தவரைக் 'கை தாராளமானவர்' என்பர். குடித்துக் கெட்டவரைக் 'குழந்தை மனத்தர்' என்பர். நாமும் தலையசைத்துக் கேட்டுக்கொள்வோம்.

எம் குடும்பத்திலும் அத்தகைய சொல் ஒன்று உண்டு. எம் பூட்டனாரின் தகப்பனார் 'கண்டிக்குப் போனவர்'. பாட்டியார் இதைப் பெருமிதத்தோடு சொல்வார். அவர் ஏதோ அரண்மனை உத்தியோகத்திற்குச் சென்றார் என்றே சிறுவயதில் எண்ணியிருந்தோம்! குருமடத்தில் பயின்றபோதுதான் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி அறிந்தோம். கண்டிச்சீமை என்று நம் மக்கள் வழங்கியது இலங்கையின் மலைத் தோட்டங்களையே.

மீதியை எம் அத்தையார் நோய்ப்படுக்கையில் கூறினார். அவர் சொல்லிக்கொண்டு போகவில்லை. மனைவியையும் மூன்று குழந்தைகளையும் பசியோடு விட்டுவிட்டு, இரவோடிரவாகச் சென்றார். பின்னர் ஒரு காசும் வரவில்லை, ஒரு கடிதமும் வரவில்லை. ஆயினும் 'ஓடிப்போனார்' என்னும் சொல்லை அந்த அம்மையார் தம் வீட்டில் எவரையும் உச்சரிக்க விடவில்லையாம். பிள்ளைகள் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டுமே! போனவர் என்றால் திரும்பி வரக்கூடியவர் அல்லவா?

பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் என மருவியது. அவ்வழக்கப்படி எம் பாட்டனாருக்கு அவர் பெயரையே இட்டனர். கணவன் பெயரைச் சொல்லலாகாது என்பதால், அம்மையார் அக்குழந்தையை 'ஐயா' என்றே கடைசிவரை அழைத்தாராம்.

மத்தேயு எழுதிய தலைமுறை அட்டவணையில் சாலமோனின் தாய்க்குப் பத்சேபா என்னும் பெயர் இல்லை. உரியாவின் மனைவி என்றே இருக்கிறது. தாவீது இழைத்த தீமையை அந்த ஒரு சொல் மறையவிடாமல் காக்கிறது. நற்செய்தியாளர் மறைக்காததை எம் குடும்பம் மறைத்ததே என்று நெடுநாள் உறுத்திற்று. அம்மையார் பொய் சொன்னார் என்று சொல்ல எமக்கு இன்றும் மனம் வரவில்லை. தம் பிள்ளைகளுக்காக அவர் சொன்னார். அதைப் பெருமையாக்கியவர்கள் பின்வந்த நாங்களே.

சென்ற ஆண்டு எம் குடும்பப் பட்டியலை நாமே எழுதினோம். அவர் பெயரை எழுதினோம். அடுத்து அம்மையாரின் பெயரை எழுத முனைந்தபோது அது எமக்குத் தெரியவில்லை. உறவினர் அனைவரையும் விசாரித்தோம், ஒருவருக்கும் தெரியவில்லை. 'அவர் மனைவி' என்று எழுதிப் பலிபீடத்தில் வைத்தோம்.